கில்மெய்ன்ஹம் ஜெயில் டூர், டப்ளின்: அப்பாவ கூட்டிட்டு போயிட்டு வந்து எழுதுறேன்

டப்ளினுக்கு வந்து ஆறு வருஷம் ஆகுது, டூட்டி முடிச்சு வர்றப்ப இந்த ஜெயிலோட சாம்பல் கலர் மதில எத்தனையோ தடவ பஸ்ல தாண்டி போயிருக்கேன், ஆனா உள்ள போனது போன மாசம் தான், அதுவும் ஊர்லேர்ந்து அப்பா வந்திருந்ததால. அப்பா ரயில்வேல ரிட்டயர் ஆனவங்க, வாஞ்சி மணியாச்சி ஜங்ஷன்ல நாலு வருஷம் வேல பார்த்தவங்க, அவங்கள ஷாப்பிங் தெருவுக்கு கூட்டிட்டு போனா பத்து நிமிஷத்துல "போதும் ளா, வீட்டுக்கு போலாம்"னு சொல்லிடுவாங்க. வெள்ளக்காரன எதிர்த்து சண்ட போட்டவங்கள அடைச்சு வச்ச ஜெயிலுப்பான்னு சொன்னதும் தான் காலைலயே ஸ்வெட்டர போட்டுட்டு ரெடியா உக்காந்துட்டாங்க.

டிக்கெட் விஷயத்த முதல்லயே சொல்லிடறேன், நிறைய பேரு இதுல தான் கோட்டை விடறாங்க. இங்க நம்ம இஷ்டத்துக்கு தனியா சுத்தி பார்க்க முடியாது, கைடு கூட்டிட்டு போற டூர் மட்டும் தான், ஒரு குரூப்புக்கு இத்தன பேருன்னு கணக்கு இருக்கு, அதனால சீக்கிரம் தீர்ந்துடும். 28 நாளுக்கு முன்னாடி ஆன்லைன்ல திறக்கும், சம்மர்ல திறந்த அன்னைக்கே போட்டாத்தான் உண்டு. நான் போட்டப்ப பெரியவங்களுக்கு 8 யூரோ, இந்த ஊரு விலைக்கு இது ரொம்ப கம்மி. ஜெயிலோட சொந்த வெப்சைட்ல மட்டும் போடுங்க, எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம் வேற ஒரு டூர் கம்பெனிகிட்ட காம்போ பேக்கேஜ்னு மூணு மடங்கு காசு குடுத்து வாங்கிட்டு கடைசில பஸ்ஸ வாசல்ல நிறுத்தி வெளிலேர்ந்தே காட்டி அனுப்பிட்டாங்களாம், குழந்தைங்கள வச்சிக்கிட்டு பாவம் ரொம்ப மனசு உடைஞ்சு வந்தாங்க. லுவாஸ் டிராம் ரெட் லைன்ல வந்தா சூர் ரோடு ஸ்டாப்ல இறங்கி நடந்துடலாம், அப்பாவுக்கு முட்டி வலி இருந்தும் மெதுவா நடந்து வந்துட்டாங்க.

பக்கத்துல இருக்கிற பழைய கோர்ட் கட்டடம் வழியா தான் உள்ள போறோம். ஜெயிலோட ஒரிஜினல் வாசலுக்கு மேல கல்லுல அஞ்சு பாம்பு சங்கிலில பின்னிக்கிட்டு இருக்கிற மாதிரி செதுக்கியிருக்காங்க, அந்த வாசலுக்கு முன்னாடி தான் ஒரு காலத்துல ஊரே கூடி நிக்க தூக்குல போட்டிருக்காங்க, மறக்காம அண்ணாந்து பாருங்க.

எங்களுக்கு வந்த கைடு ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும். மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற மாதிரி இல்லாம அவ சொந்த தாத்தா பாட்டி கதைய சொல்ற மாதிரி சொன்னா, இங்கிலீஷ் வேகமா இருந்தா அப்பாவுக்கு புரியாதுன்னு நான் காதுல மெதுவா தமிழ்ல சொல்லிட்டே வந்தேன், அத பார்த்துட்டு அவளா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி பேசினா, நான் கேக்கவே இல்ல. இந்த ஒரு விஷயத்துக்கே அஞ்சு ஸ்டார் குடுப்பேன்.

எங்க டூர்ல முதல்ல உக்கார வச்சது ஜெயிலுக்குள்ள இருக்கிற சின்ன சர்ச்சுல. மர பெஞ்சு, ஆல்டர், அவ்வளவு தான். 1916 மே 3 ராத்திரி ஜோசப் பிளங்கெட்டுக்கும் கிரேஸ் கிஃபர்டுக்கும் கல்யாணம் நடந்தது இங்க தான், மாப்பிள்ளைக்கு 28 வயசு, பிரிட்டிஷ்காரங்கள எதிர்த்து கலகம் பண்ணின தலைவர்கள்ல ஒருத்தர், விடிஞ்சா அவர சுடப் போறாங்க. கிரேஸ் அன்னைக்கு சாயங்காலம் தான் கிராஃப்டன் ஸ்ட்ரீட்ல ஒரு நகக்கடைல மோதிரம் வாங்கிட்டு வந்திருக்காங்க. துப்பாக்கில கத்தி சொருகின சோல்ஜர்ஸ் நிக்க, கைவிலங்க அவுத்து விட்டு கல்யாணத்த முடிச்சு மறுபடியும் விலங்க மாட்டி கூட்டிட்டு போயிட்டாங்க, புருஷன் பொண்டாட்டி தனியா ஒரு வார்த்த பேசல. அப்புறமா செல்லுல பத்து நிமிஷம் பார்க்க விட்டாங்களாம், அதுவும் பக்கத்துல ஒருத்தன் நேரம் பாத்துட்டு நின்னானாம். விடியக்காலைல சுட்டுட்டாங்க. கிரேஸ் 1955 வரைக்கும் இருந்தாங்க, வேற கல்யாணமே பண்ணிக்கல. அப்பாவுக்கு இத சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு தொண்டை அடைச்சுருச்சு, அப்பா பெஞ்சோட விளிம்ப பிடிச்சிட்டு ஆல்டரையே பாத்துட்டு இருந்தாங்க, எந்திரிக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு.

அடுத்து வெஸ்ட் விங். 1796ல திறந்த பழைய பகுதி இது தான், சுண்ணாம்புக் கல்லு, குறுகலான நடை, வெயில் காலத்துலயும் உள்ள ஈரக் குளிரு. ஆரம்பத்துல ஜன்னலுக்கு கண்ணாடியே கிடையாதாம், காத்து ஓடினா ஜெயில் காய்ச்சல் வராதுன்னு நம்பிக்கை, டப்ளின் குளிருக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நினச்சு பாருங்க. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி தான். ஆம்பள, பொம்பள, குழந்தைன்னு எல்லாத்தையும் ஒண்ணா அடைச்சிருக்காங்க. 1845ல உருளைக்கிழங்கு அழுகி பஞ்சம் வந்து பத்து லட்சம் பேரு செத்தாங்க, இன்னும் பத்து லட்சம் பேரு கப்பலேறி போனாங்க, அந்த வருஷங்கள்ல சாப்பாட்ட திருடிட்டு உள்ள வந்தவங்களும் பிச்ச எடுத்ததுக்காக பிடிபட்டவங்களுமா இந்த ஜெயில் நெரம்பி வழிஞ்சிருக்கு, உள்ள வந்தா கஞ்சியாவது கிடைக்கும்னு. அப்பா உடனே தாது வருஷ பஞ்சத்த ஞாபகப்படுத்தினாங்க, 1876ல ஆரம்பிச்சு நம்ம மெட்ராஸ் மாகாணம் பூரா எலும்பும் தோலுமா செத்தது, அப்பவும் துறைமுகத்துலேர்ந்து தானியம் கப்பல்ல வெளிய போயிட்டு தான் இருந்துச்சு, இங்கயும் அதே கதை தான், பஞ்ச காலத்துலயும் அயர்லாந்துலேர்ந்து இங்கிலாந்துக்கு சாப்பாட்டு சாமான் போயிருக்கு.

ராபர்ட் எம்மெட்னு ஒருத்தர், 1803ல கலகம் பண்ணி தோத்து இங்க தான் இருந்தாரு, அப்புறம் தாமஸ் ஸ்ட்ரீட்ல தூக்குல போட்டாங்க. எனக்கு அவர விட அவரு வீட்டுல வேல பார்த்த ஆன் டெவ்லின் கதை தான் மனசுல நின்னுச்சு, அடிச்சு, மிரட்டி, காசு ஆச காட்டி, குடும்பத்தையே பிடிச்சு உள்ள போட்டு, மூணு வருஷம் வச்சிருந்தும் ஒரு பேரக் கூட அவங்க காட்டிக் குடுக்கல. பார்னெல்ங்கிற ஐரிஷ் தலைவரோட ரூமயும் காட்டுவாங்க, 1881ல நிலப் போராட்டத்துக்காக உள்ள இருந்தவரு, பெரிய ரூமு, வசதியா இருந்திருக்கு.

அதே நடையில 1916 செல்லுங்க வரிசையா இருக்கு, கதவுக்கு மேல பேரு எழுதியிருக்கும். கதவுல இருக்கிற ஓட்ட வழியா உள்ள பார்த்தா ஒரு ஆள் படுக்கிற இடம், ஒரு ஜன்னல். இங்க நின்னு தான் கைடு 1916ல கலகம் நடந்த அந்த ஈஸ்டர் வாரத்த முழுசா சொன்னா. ஏப்ரல் 24 திங்கக்கிழமை, டப்ளின் மெயின் போஸ்ட் ஆபீஸ பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னு கலகத் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்த வாசிக்கிறாரு, கேட்டுட்டு நின்ன ஜனத்துல பாதி பேருக்கு என்ன நடக்குதுன்னே புரியல. ஆறு நாள் சண்டை, லிஃபி ஆத்துலேர்ந்து பீரங்கி வச்சு நகரத்தோட நடுவ பிரிட்டிஷ்காரங்க இடிச்சாங்க, சனிக்கிழமை 29ஆம் தேதி சரண்டர். கிட்டத்தட்ட 485 பேரு செத்தாங்க, அதுல பாதிக்கு மேல சண்டைக்கே சம்பந்தமில்லாத பொதுஜனம், 40 பேரு குழந்தைங்க. பிடிச்சு தெருவுல நடத்திட்டு போறப்ப டப்ளின் ஜனமே அவங்கள திட்டி கூச்சல் போட்டுச்சாம், பட்டாளத்துல இருக்கிற புருஷனுக்கு வர்ற பணத்துல தான் நிறைய வீட்டுல அடுப்பு எரிஞ்சிட்டு இருந்த காலம் அது, இவங்களால ஊரு எரிஞ்சுதுன்னு கோவம். கைடு இத மறைக்கல, ஜனம் பூரா பின்னாடி நின்ன மாதிரி கதை கட்டல, அது தான் எனக்கு பிடிச்சது.

அப்படி தோத்து, சொந்த ஊரே திட்டின ஒரு கலகம் எப்படி ஒரு நாட்ட உண்டாக்குச்சு, இத புஸ்தகத்துல படிக்கிறப்ப எனக்கு சரியா பிடிபடவே இல்ல, இந்த ஜெயில்ல நடந்தா பிடிபடுது. காரணம் அந்த பத்து நாளு. பிரிட்டிஷ் ஜெனரல் மேக்ஸ்வெல் ரகசியமா ராணுவக் கோர்ட்டு நடத்துறாரு, வக்கீல் கிடையாது, 90 பேருக்கு மரண தண்டனைனு தீர்ப்பு. மே 3 விடியக்காலை பியர்ஸ், டாம் கிளார்க், தாமஸ் மெக்டொனா. மே 4 பிளங்கெட், எட்வர்ட் டேலி, ஓ'ஹான்ரஹான், பியர்ஸோட தம்பி வில்லி. ஒரே அம்மாவோட ரெண்டு புள்ளைங்க அடுத்தடுத்த நாள்ல. கிளார்க்கோட மனைவி கேத்லீனுக்கு முத நாள் புருஷன், மறுநாள் கூடப் பிறந்த தம்பி எட்வர்ட் டேலி, அப்ப அவங்க மாசமா வேற இருந்தாங்க, அந்த குழந்தையும் தங்கல. மே 5 மெக்பிரைட் ஒருத்தர மட்டும். மே 8 நாலு பேரு. ஒரே நாள்ல எல்லாரையும் சுட்டு முடிச்சிருந்தா ஜனம் ஒரு நாள் அழுதுட்டு விட்டிருக்கலாம், இப்படி ஒவ்வொரு காலையும் பேப்பர்ல இன்னிக்கு யாரு இன்னிக்கு யாருன்னு பாத்து பாத்து தான் திட்டின ஊரோட மனசு திரும்பியிருக்கு. இது கைடு சொன்னது, ஆனா செல்லு செல்லா தாண்டி நடக்கிறப்ப நமக்கே தோணிடும்.

மே 8ல சுட்டவங்கள்ல மைக்கேல் மேலின்னு ஒருத்தரு, அவரு பட்டாளத்துல இருந்தப்ப இந்தியாவுல வருஷக்கணக்கா இருந்தவரு. கடைசி லெட்டர்ல ரெண்டரை வயசு புள்ள ஜோசஃப் சாமியாராகணும்னு எழுதிட்டு போயிருக்காரு, அந்த புள்ள நிஜமாவே ஏசு சபை பாதிரியாராகி ஹாங்காங்ல இருந்து 2018ல 104 வயசுல தான் காலமானாரு. மியூசியம் ஹால்ல கடைசி லெட்டருங்க கண்ணாடிக்குள்ள இருக்கு, அங்க அவசரப்படாதீங்க. டூர் முடிஞ்சப்புறம் மியூசியத்துல எவ்வளவு நேரம் வேணா இருக்கலாம், நாங்க ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்தோம்.

ஈஸ்ட் விங் தான் எல்லாரும் போட்டோ எடுக்கிற இடம். 1860கள்ல கட்டினது, மேல கண்ணாடிக் கூரை, மூணு அடுக்குல சுத்தி 96 செல்லு, நடுவுல ஒரு காவலாளி நின்னா எல்லா கதவும் தெரியும். பார்க்க அழகா தான் இருக்கு, வெளிச்சம் கொட்டுது, ஆனா அந்த அழகே உள்ள இருக்கிறவன் எந்நேரமும் ஒருத்தன் பாத்துட்டு இருக்கான்னு பயந்து திருந்தணும்னு போட்ட பிளானாம். ஒரு செல்லுல கிரேஸ் கிஃபர்ட் சுவத்துல வரஞ்ச மாதா படம் இருக்கு. 1923ல அவங்களயே இங்க அடைச்சிருக்காங்க, புருஷன் செத்த அதே ஜெயில்ல. அடைச்சது பிரிட்டிஷ்காரன் இல்ல, புதுசா வந்த சொந்த நாட்டு கவர்மென்ட்.

அத கேட்டதும் அப்பா "சொந்த கவர்மென்டா?"ன்னு என்னப் பார்த்தாங்க, நானும் அன்னைக்கு தான் அத ஒழுங்கா தெரிஞ்சுக்கிட்டேன். 1918 தேர்தல்ல அயர்லாந்தோட 105 சீட்டுல சின் ஃபெய்ன்ங்கிற சுதந்திரக் கட்சி 73 ஜெயிச்சாங்க, லண்டன் பார்லிமென்ட்டுக்கு போக மாட்டோம்னு 1919 ஜனவரி 21ல டப்ளின்லயே சொந்த சபைய கூட்டினாங்க, ரெண்டரை வருஷம் கெரில்லா சண்டை, 1920 நவம்பர் 21 ஞாயித்துக்கிழமை குரோக் பார்க் மைதானத்துல மேட்ச் நடக்கிறப்ப உள்ள புகுந்து சுட்டதுல 14 பேரு செத்தாங்க. அப்பா இத கேட்டுட்டு ஜாலியன் வாலாபாக்னாங்க, அது அதுக்கு ஒண்ணரை வருஷம் முன்னாடி தான். அத நடத்தின ஜெனரல் டயர ஆதரிச்ச பஞ்சாப் கவர்னர் மைக்கேல் ஓ'ட்வையர் இதே அயர்லாந்துல டிப்பரேரிக்காரரு. 1921 டிசம்பர் 6ல ஒப்பந்தம், ஆனா முழு சுதந்திரம் இல்ல, ராஜாவுக்கு சத்தியம் பண்ணணும், வடக்குல ஆறு கவுண்டி பிரிட்டன் கூடவே. ஒத்துக்கலாம்னு பாதி பேரு, முடியாதுன்னு பாதி பேரு, ஒண்ணா நின்னு சண்ட போட்டவங்களே ஒருத்தர ஒருத்தர் சுட ஆரம்பிச்சாங்க. 1922 நவம்பர் 17ல புது கவர்மென்ட் முதல் முதல்ல மரண தண்டனை குடுத்து நாலு பையங்கள சுட்டது இதே கில்மெய்ன்ஹம்ல. அவங்க பேரும் இங்க கல்வெட்டுல இருக்கு. கைடு குரல் இந்த இடத்துல தான் கொஞ்சம் இறங்குச்சு, அவ அத வேகமா தாண்டிப் போகல. ஜெயில் 1924ல மூடினாங்க, கடைசிக் கைதிகள்ல ஒருத்தர் டி வலேரா, அவரே 1966ல ஜனாதிபதியா வந்து மியூசியத்த திறந்து வச்சாரு. இடையில கூரை இடிஞ்சு செடி முளச்சு கிடந்தத 1960லேர்ந்து சம்பளம் வாங்காம சாதாரண ஜனங்க வந்து கல்லும் மண்ணும் அள்ளி மீட்டிருக்காங்க, இன்னைக்கு நாம பார்க்கிறதே அவங்க புண்ணியத்துல.

கடைசியா கைதிங்க கல்லுடைக்கிற முத்தம், அதாவது முற்றம். உயரமான சாம்பல் சுவரு நாலு பக்கமும், கீழ சரளைக்கல்லு. ஒரு கோடில ஒரு கருப்பு சிலுவை, 13 பேர சுட்ட இடம். எதிர்க் கோடில வாசலுக்கு பக்கத்துல இன்னொரு சிலுவை, கலகத் தலைவர்கள்ல ஒருத்தரான ஜேம்ஸ் கானலிக்கு மட்டும். ஏன் தனியான்னா, அவருக்கு கணுக்கால் குண்டு பட்டு நொறுங்கிப் போயிருந்துச்சு, நிக்க முடியாது, டப்ளின் கோட்டைல ஆஸ்பத்திரி கட்டில்லேர்ந்து மே 12 அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல கொண்டு வந்து, முத்தத்தோட அந்தப் பக்கம் வரைக்கும் கூட தூக்கிட்டு போகாம, வாசல்லயே நாற்காலில உக்கார வச்சு கட்டி சுட்டிருக்காங்க. நான் நர்ஸ் வேல பார்க்கிறவ, எழுந்து நிக்க முடியாத பேஷண்ட் எப்படி வலியில இருப்பாங்கன்னு தெனம் பார்க்கிறேன், எனக்கு அந்த ரெண்டு சிலுவைக்கும் நடுவுல இருக்கிற தூரத்த பார்த்து தான் அழுகையே வந்துச்சு, ஒரு நிமிஷம் கூட ஆகாது நடந்தா.

அங்க தான் அப்பா கைடுகிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. எங்க ஊர்ல மணியாச்சி ஸ்டேஷன்ல 1911 ஜூன் 17 திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரைய வாஞ்சிநாதன் ரயில் பெட்டிக்குள்ளயே சுட்டுட்டு தானும் சுட்டுக்கிட்டாரு, அந்த ஆஷ் அயர்லாந்துக்காரர், அவரப் பத்தி இங்க யாராவது பேசுவாங்களான்னு. தூத்துக்குடில வ.உ.சி. கப்பல் விட்டது, அந்த கம்பெனிய நசுக்கினது, 1908ல பிடிச்சு கோயம்புத்தூர் ஜெயில்ல மாட்டுக்கு பதிலா அவர செக்கிழுக்க வச்சது எல்லாத்தையும் அப்பா திருநெல்வேலி தமிழ்ல சொல்ல நான் இங்கிலீஷ்ல சொன்னேன். அவளுக்கு ஆஷ் பேரு தெரிஞ்சிருக்கல, பேனா பேப்பரெல்லாம் எடுத்து பேரு, வருஷம், ஊரு எல்லாம் ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கிட்டா. பதிலுக்கு அவ ஒண்ணு கேட்டா, 1916ல டப்ளின்ல சட்டம் படிச்சிட்டு இருந்த ஒரு இந்திய மாணவர போராட்டக்காரங்க கூட தொடர்புன்னு நாட்ட விட்டு போகச் சொன்னாங்களே, அவரு பின்னாடி இந்தியாவுக்கே ஜனாதிபதி ஆனாரு தெரியுமான்னு. நம்ம வி.வி.கிரி தான். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிச்சுப் போச்சு, அவரு பிறந்த பெர்ஹாம்பூர் அப்ப நம்ம மெட்ராஸ் மாகாணத்துல தானே இருந்துச்சுன்னு வீடு வர்ற வரைக்கும் அதையே சொல்லிட்டு வந்தாங்க.

போறவங்களுக்கு சில விஷயம். படி நிறைய, பழைய கல்லு, சில இடத்துல தேஞ்சு போயிருக்கு, வயசானவங்களுக்கு நல்ல பிடிப்பான ஷூ போட்டு கூட்டிட்டு போங்க, புடவை கட்டுற அம்மாக்கள் கொசுவத்த கொஞ்சம் தூக்கி சொருகிக்கிறது நல்லது. நடக்க ரொம்ப சிரமம்னா புக் பண்றப்பவே சொல்லிடுங்க. எந்த சீசன்லயும் ஜாக்கெட் வேணும். டூர் ஒரு மணி நேரம், நடுவுல உக்கார இடம் சர்ச்சுல மட்டும் தான். எட்டு வயசுக்கு கீழ புள்ளைங்களுக்கு இந்தக் கதை கனமா இருக்கும்னு எனக்கு தோணுது, எங்க குரூப்புல ஒரு சின்னப் பொண்ணு முத்தத்துல நிக்கிறப்ப பயந்து அம்மா கைய விடவே இல்ல. பத்து பன்னெண்டு வயசு புள்ளைங்கள கண்டிப்பா கூட்டிட்டு போங்க, போறதுக்கு முத நாள் ராத்திரி 1916 கதைய வீட்டுலயே தமிழ்ல சொல்லிட்டு போனா அங்க நிறைய ஒட்டும்.

நேரம் இருந்தா அன்னைக்கே அவங்கள புதைச்ச ஆர்பர் ஹில்லுக்கும் போயிடுங்க, பஸ்ல கொஞ்ச நேரம் தான், டிக்கெட் கிடையாது. சுட்ட 14 பேரோட உடம்பையும் குடும்பத்துகிட்ட குடுக்கல, சமாதி கட்டி கும்பிட்டுடுவாங்கன்னு பயந்து ராணுவ ஜெயில் முத்தத்துல ஒரே குழியில போட்டு சுண்ணாம்பு கொட்டி மூடினாங்க. பகத்சிங்க 1931ல ராத்திரியோட ராத்திரியா சட்லெஜ் கரைல எரிச்ச மாதிரி தான். இப்ப அங்க புல்வெளி, குழிய சுத்தி பேரு செதுக்கின கல்லு, பின்னாடி பெரிய சுவத்துல அந்த பிரகடனம் ஐரிஷ்லயும் இங்கிலீஷ்லயும். நாங்க போனப்ப எங்க ரெண்டு பேரத் தவிர யாருமே இல்ல, அப்பா செருப்ப ஓரமா விட்டுட்டு ஒவ்வொரு பேரா எழுத்துக்கூட்டி வாசிச்சாங்க, கானலி பேரு வந்தப்ப "நாற்காலில கட்டுனாங்களே அவரா?"ன்னு கேட்டாங்க, ஆமாப்பான்னேன்.

ஆகஸ்ட்ல அம்மா வர்றாங்க, அவங்களுக்கும் அப்பா தான் கதை சொல்லப் போறாங்களாம், 28 நாள் கணக்கு போட்டு போன்ல அலாரம் வச்சிருக்கேன்.